பாதிச் சாவி பக்கத்து வீட்டில்

என் சின்ன மருமகளுக்கு நான் வைத்த பெயர் ஊமைப்பூட்டு. கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே வைத்துவிட்டேன். எதைக் கேட்டாலும் "ஆமா", "இல்ல", மிஞ்சிப் போனால் "சரி அத்தை". அதற்கு மேல் ஒரு சொல் வராது. பெயரும் பொருத்தமாகத்தான் அமைந்தது. அவளுடைய அப்பா பூட்டு ரிப்பேர் செய்கிறவர். அவளும் சின்ன வயதிலிருந்தே அரமும் கையுமாக வளர்ந்தவள்.

என் சின்ன மகன் லாரி ஓட்டுகிறான். மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான் இருப்பான். இவள் ஊருக்கு வெளியே ஒரு பூட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். விடிவதற்கு முன் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். திரும்பி வரும்போது குழந்தை தூங்கியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலு வயசுக் குழந்தை அவள் முகத்தைப் பார்த்து, "நீ ஞாயித்துக்கிழமை அம்மாவா?" என்று கேட்டது. நான் சிரித்துவிட்டேன். இவள் சிரிக்கவில்லை. மறுநாள் சூப்பர்வைசரிடம் போய், கடை வைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

அந்த மனுஷன் நல்லவர். "ஒரு வருஷம் உன் இடத்துக்கு நிரந்தரமா ஆள் போடாம வச்சிருக்கேன். கடை நின்னா நல்லது. நிக்கலைன்னா வெக்கப்படாம திரும்பி வந்துரு" என்றாராம். ஆக, ஒரே ஒரு வருஷம். அதற்குள் கடை நிற்காவிட்டால் மறுபடி ஞாயிற்றுக்கிழமை அம்மாதான்.

கடை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மருந்துக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், மாடிப்படிக்கு அடியில் இருந்த ஒரு பொந்து. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். சாவி வெட்டும் மெஷின் ஒன்று, இடுக்கிப் பிடிக்கும் வைஸ் ஒன்று, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட வெட்டாத சாவிகள், ஒரு இரும்பு அலமாரி. வாசலில் ஒரு பெஞ்சு. மருந்துக்கடைக்காரர் வேண்டாமென்று எறிந்த பெஞ்சு அது. ஒரு கால் குட்டை. அதற்கு இவள் மரத்துண்டு வைத்து நேராக்கினாள்.

முதல் மூன்று மாதம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவள் நான் ஒருத்திதான். பெரிய கடைவீதியில் ஒரு நிமிஷத்தில் சாவி வெட்டித் தரும் கடை இருக்கும்போது இந்தப் பொந்துக்கு யார் வருவார்கள்? நான் இருபது வருஷம் கூடை தூக்கிக் கூவிக் காய் விற்றவள். எனக்குத் தெரிந்த வியாபாரம் அதுதான்.

"ஏம்மா, கடைன்னா வாய் வேணும். தெருவுல நின்னு நாலு பேரைக் கூப்பிடு. உனக்கு வெக்கமா இருந்தா நான் கூப்பிடுறேன்."

"வேணாம் அத்தை."

"வேணாம்னா? சாவியா நடந்து போய் ஆளைக் கூட்டிட்டு வரும்?"

அவள் அரத்தை எடுத்து எதையோ ராவ ஆரம்பித்துவிட்டாள்.

அப்புறம் ஒரு நாள் மருந்துக்கடைக்காரர் தன் வீட்டு அடுப்பில் பால் வைத்துவிட்டு, குப்பை கொட்ட வெளியே வந்தார். காற்றில் கதவு சாத்திக்கொண்டது. தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு. உள்ளே பால் தீய்கிறது, வெளியே மனுஷன் கைலியோடு குதிக்கிறார். பக்கத்து வீட்டுப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து கதவை உடைத்தார்கள். இவள் போய் அதைச் சரிசெய்தாள். நிலையைச் செதுக்கி, புதுப் பூட்டுப் போட்டு முடித்தபோது வாயைத் திறந்து ஒன்று சொன்னாள்:

"ஒரு சாவி என்கிட்ட இருந்திருந்தா கதவு பிழைச்சிருக்கும்."

அவர் அங்கேயே ஒரு சாவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். அதை இரும்பு அலமாரிக்குள் ஒரு கொக்கியில் மாட்டினாள். இதற்கென்று எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. மருந்துக்கடைக்காரருக்கோ ஒரு விஷயம் தெரிந்தால் மாத்திரையோடு சேர்த்து அதையும் கட்டிக் கொடுத்தால்தான் தூக்கம் வரும். "இருமல் மருந்து மூணு வேளை. வீட்டுச் சாவி ஒண்ணு பக்கத்துக் கடையில" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஆறாவது மாதம் முடியும்போது அலமாரியில் முப்பத்தொரு சாவிகள் இருந்தன. சாவி கொடுக்க வந்தவர்கள், "இந்தப் பீரோ கொஞ்சம் மக்கர் பண்ணுது, பாரேன்", "பெட்டிச் சாவியைத் தொலைச்சுட்டேன்" என்று வேலையும் கொடுத்தார்கள். எனக்குப் பெஞ்சில் இடம் கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது.

அப்போதுதான் அந்தத் தப்பு நடந்தது. நர்ஸம்மாவே சொல்லலாம் என்றதால் சொல்கிறேன்.

நர்ஸம்மா அடுத்த கட்டடத்தில் இரண்டாவது மாடி. ஒரு நாள் சாயங்காலம் அவளுடைய வீட்டுக்காரன் கடைக்கு வந்தான். "சாவியை மறந்துட்டேன்மா, நம்ம வீட்டுச் சாவியைக் கொடேன்" என்று சிரித்த முகமாகக் கேட்டான். தெரிந்த முகம். பல தடவை இருவரும் சேர்ந்து போவதைப் பார்த்த முகம். இவள் எடுத்துக் கொடுத்துவிட்டாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். "நல்லா இருக்கியாப்பா?" என்று விசாரிக்கவும் செய்தேன்.

அவனை நர்ஸம்மா வீட்டை விட்டு அனுப்பிப் பத்து நாள் ஆகியிருந்தது. அது எங்கள் இருவருக்கும் தெரியாது.

அவன் எதையும் எடுக்கவில்லை, உடைக்கவில்லை. ஹாலில் நாற்காலியைப் போட்டுக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான். மகளைக் கூட்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்த நர்ஸம்மாவுக்கு அது போதாதா? உள்ளே காலெடுத்து வைக்காமல் படிக்கட்டிலேயே நின்றாள். அண்ணன் வந்து அவனை வெளியே கூட்டிக்கொண்டு போகும்வரை நின்றாள்.

விஷயம் தெரிந்ததும் என் மருமகள் பையில் சாமான்களை எடுத்துப் போட்டுக்கொண்டு அங்கே போனாள். நானும் பின்னாலேயே போனேன். பழைய பூட்டைக் கழற்றிப் புதுசு மாட்டினாள். சாவிகள் மூன்றையும் நர்ஸம்மா கையில் வைத்தாள். "தப்பு என்னுதுதான்" என்றாள். நர்ஸம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ் விழுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் இவள் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன்.

மறுநாள் காலையில் அலமாரியிலிருந்த மற்ற முப்பது சாவிகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"எங்கேடி?"

"திருப்பிக் கொடுக்க."

"பைத்தியமா உனக்கு? யாருக்கும் தெரியாது. நர்ஸம்மா வெளிய சொல்ற ஆளும் இல்ல. கமுக்கமா இருந்துடு."

"எனக்குத் தெரியுமே அத்தை."

வீடு வீடாக ஏறினாள். ஒவ்வொரு வாசலிலும் ஒரே பேச்சு: "விசாரிக்காம ஒருத்தர் சாவியை இன்னொருத்தர்கிட்ட கொடுத்துட்டேன். இந்தாங்க உங்க சாவி." யார் சாவி என்று எவ்வளவோ பேர் துருவினார்கள், அதை மட்டும் சொல்லவில்லை. மருந்துக்கடைக்காரர்தான் சாவியை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று சண்டை போட்டார். மற்ற எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். வாங்கிக்கொண்டதோடு, ரிப்பேர் வேலையும் குறைந்து போனது. பெஞ்சு மறுபடி எனக்கே வந்து சேர்ந்தது. அந்தச் சமயத்தில் சூப்பர்வைசர் ஒரு தடவை போன் பண்ணி, "என்னம்மா, எப்படிப் போகுது?" என்று கேட்டார். "போகுது சார்" என்றாள். குழந்தை அவள் மடியில் உட்கார்ந்து வெட்டாத சாவிகளைக் கோத்து மாலை கட்டிக்கொண்டிருந்தது.

ஒரு மாதம் கழித்து ஒரு மத்தியானம். நர்ஸம்மா யூனிபார்மோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினாள். அந்தப் புதுப் பூட்டின் சாவிதான்.

"எனக்கு எதுக்கு?" என்றாள் இவள்.

"மகள் ஸ்கூல் விட்டு வர்றப்ப எனக்கு டியூட்டி இருக்கு. அவ தொலைச்சுட்டா என்ன பண்றது? யார்கிட்டயாவது வச்சுதான் ஆகணும். இந்தத் தெருவுலயே இனிமே ஜாக்கிரதையா இருக்கப் போறவ நீ ஒருத்திதான்."

அதைச் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னாள். "எங்க ஆஸ்பத்திரியில சில மருந்து வச்சிருக்கிற அலமாரியை ஒரு ஆள் திறக்க முடியாது. ரெண்டு நர்ஸ் வந்து ரெண்டு சாவி போடணும். ஒருத்தர் ஏமாந்தாலும் இன்னொருத்தர் ஏமாற மாட்டாங்க இல்ல?"

இவள் எழுந்து உள்ளே போனாள். தப்பாக வெட்டி வீணாய்ப் போன சாவிகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருப்பாள். அதிலிருந்து ஒன்றை எடுத்து வைஸில் இறுக்கி, ரம்பத்தால் நடுவில் கோணல்மாணலாக அறுத்தாள். கையால் அறுத்த கோடு ஒன்றைப் போல இன்னொன்று வராது. ஒரு பாதியின் ஜோடி அதனுடைய மறுபாதிதான், வேறு எதுவும் ஒட்டாது. ஒரு பாதியை நர்ஸம்மா சாவியோடு சேர்த்துக் கொக்கியில் மாட்டினாள். இன்னொன்றை நர்ஸம்மா கையில் கொடுத்தாள். "இதைக் கொண்டு வர்றவங்களுக்குத்தான் சாவி. முகத்தைப் பார்த்துக் கொடுக்க மாட்டேன்."

எனக்குப் பிடித்துப் போனது. எழுத்துத் தெரியாத நானும் பொருத்திப் பார்த்துச் சொல்லிவிடலாம். சாவியில் பெயர் இல்லை, வீட்டு நம்பர் இல்லை, திருடன் எடுத்துப் போனாலும் எந்தக் கதவு என்று தெரியாது. பத்துப் பதினைந்து பேர் மறுபடி சாவி கொடுத்தார்கள்.

ஆனால் மனுஷ புத்தி இருக்கிறதே! அந்தப் பாதியை எல்லோரும் பத்திரமாக வைத்தார்கள், வீட்டுக்குள்ளேயே. மருந்துக்கடைக்காரர் சட்டைப் பையில் வைத்தார். சட்டை உள்ளே காய்கிறது, மனுஷன் பனியனோடு வெளியே நிற்கிறார். மறுபடியும் குப்பை கொட்ட வந்தவர்தான். கடைக்கு வந்து, "நான்தான்மா இது, என்னைத் தெரியலையா?" என்று கெஞ்சுகிறார்.

"தெரியுது. பாதி எங்க?"

"உள்ள இருக்கு."

"அப்ப சாவி இல்ல."

அன்றைக்கு அவரை வெளியில் நிறுத்தி, கம்பியை விட்டுக் கால் மணி நேரம் மல்லாடிக் கதவைத் திறந்துகொடுத்தாள். சாவியை மட்டும் கொடுக்கவில்லை. மறுநாளிலிருந்து சட்டம் மாறியது. "பாதியை உங்க கையில தர மாட்டேன். யார் வீட்டுல வைக்கப் போறீங்களோ அவங்களைக் கூட்டிட்டு வாங்க. அவங்க கையிலதான் கொடுப்பேன்."

அங்கேதான் தெரு கலங்கியது. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் ஆறு வருஷம் இருந்தவர்கள், போய்க் கதவைத் தட்ட வேண்டி வந்தது. "நான் எதிர் வீடுங்க... ஒரு உதவி... பூட்டுக்கடை வரைக்கும் வர்றீங்களா?" ஜோடி ஜோடியாக வந்தார்கள். பெஞ்சில் இந்த ஓரத்தில் ஒருவர், அந்த ஓரத்தில் ஒருவர், கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த மாதிரி கூச்சத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். இவள் ஒரு வார்த்தை பேசாமல் சாவியை அறுத்துக்கொண்டிருப்பாள். அவள் பேசாததால் அவர்கள்தான் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டியிருந்தது. அறுத்து முடிப்பதற்குள் ஒருத்தர் பையனுக்கு எந்தப் பள்ளிக்கூடம், இன்னொருத்தர் முழங்காலுக்கு எந்த டாக்டர் என்பது வரை போய்விடும். எழுந்திருக்கும்போது, "இந்தத் தாழ்ப்பாளையும் பாரும்மா" என்று ஒரு வேலை வந்து விழும். நான் இருபது வருஷம் கூவிச் சேர்க்காத கூட்டத்தை இவள் வாயைத் திறக்காமல் சேர்த்தாள். அதை அவளிடம் நான் சொன்னதில்லை. கேட்டால் தலைக்கு ஏறிவிடும்.

பதினோராவது மாதம் எங்கள் தெருக்கோடியில் புதுசாகக் கட்டிய பெரிய கட்டடத்தில் அறுபது குடும்பம் குடிவந்தது. அந்த அறுபது வீட்டுப் பூட்டு வேலையும் இவளுக்கு வந்தால் கடை நிற்கும். வராவிட்டால் சந்தேகம்தான். அந்தக் கட்டடத்துக்குச் செயலாளர் ஒருவர் இருந்தார். எதையும் நம்பாத ஆள். "தெரியாதவங்ககிட்ட சாவியைக் கொடுக்கிறதா? கேக்கவே நல்லா இல்லையே" என்று தள்ளிக்கொண்டே இருந்தார்.

சூப்பர்வைசர் சொன்ன வருஷம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது நான் பூட்டிக்கொண்டேன்.

நான் இருப்பது பெரிய மகன் வீட்டில், அடுத்த தெரு. மகனும் மூத்த மருமகளும் வேலைக்குப் போய்விட்டார்கள். தூறல் விழுகிறதே, வாசலில் காயும் மிதியடியை எடுப்போம் என்று ஒரு எட்டு வெளியே வைத்தேன். பின்னால் கதவு டபக்கென்று சாத்தியது. காலில் செருப்பில்லை. தலையில் ஈரம். மூத்தவள் ஒரு சாவியைக் கடையில் கொடுத்து வைத்திருப்பது எனக்குத் தெரியும். நடந்தேன்.

கடையில் நாலைந்து பேர். அந்தச் செயலாளரும் ஏதோ கதவுக் கொண்டி வாங்க வந்து நிற்கிறார்.

"அந்தச் சாவியைக் கொடும்மா, கதவு சாத்திக்கிச்சு."

இவள் அலமாரியைத் திறந்தாள். எங்கள் வீட்டுச் சாவி என் கண் எதிரில் தொங்குகிறது. அதை எடுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாதி வேணும் அத்தை."

"யார்கிட்ட கேக்கிற? என்கிட்டயா?"

"யாரா இருந்தாலும்."

"சரி, பாதி யார்கிட்ட இருக்கு?"

கொஞ்சம் தயங்கினாள். "அக்கா அதைக் கொடிக்காரம்மாகிட்ட வச்சிருக்காங்க."

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. கொடிக்காரி எங்கள் மாடியிலேயே எதிர் வீடு. ஒன்பது வருஷமாக அவளோடு எனக்குப் பேச்சில்லை. மொட்டை மாடித் துணிக்கொடியில் நான் காயப்போட்ட போர்வையைச் சேற்றில் தள்ளியவள். இல்லை என்று அவள் சொல்வாள். நான் நம்பவில்லை. அவளிடம் போய் என் வீட்டுச் சாவிக்காக நான் கையேந்த வேண்டுமா? மூத்தவள் எனக்குத் தெரியாமல் செய்த வேலை.

"அவகிட்ட நான் போக மாட்டேன்."

"சரி அத்தை. உக்காருங்க."

"சாவியைக் கொடுடி!"

"தர முடியாது அத்தை."

உட்கார்ந்தேன். இன்றைக்கெல்லாம் உட்காருவேன் என்று உட்கார்ந்தேன். அவள் தன் செருப்பைக் கழற்றி என் காலடியில் வைத்தாள். துண்டு கொடுத்துத் தலையைத் துவட்டச் சொன்னாள். டீ வாங்கி வந்து கையில் வைத்தாள். எல்லாம் செய்தாள், சாவியைத் தவிர. வைஸில் வைத்த சாவி இரண்டு தடவை நழுவியது.

மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன பாட்டி, மருமக வெளிய உக்கார வச்சுட்டாளா?"

"நீ போய் மாத்திரையை எண்ணு."

"எனக்காவது கம்பி விட்டுத் திறந்து கொடுத்தா. உங்களுக்கு அதுவும் இல்ல போல."

அதையும் கேட்டாள் இவள்: "கம்பி விட்டுத் திறந்து தரட்டுமா அத்தை?"

"வேணாம்! இருக்கிற சாவியைத் தர மனசில்லாதவ, திருடன் மாதிரி என் வீட்டைத் திறக்க வேணாம்!"

ஒரு மணி நேரம் போனது. இரண்டு மணி நேரம் போனது. அந்தச் செயலாளர் கொண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று இன்னும் நிற்கிறார். "இவங்க யாரும்மா?" என்று கேட்டார்.

"என் மாமியார்."

"சொந்த மாமியாரா?"

"ஆமா."

அவர் என்னைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். வேறொன்றும் கேட்காமல் போய்விட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. இவளுக்கும் கண் கலங்கியிருந்தது. இருவருமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மருந்துக்கடையிலிருந்து செய்தி போகாமலா இருக்கும்? மாமியாரை மருமகள் மழையில் உட்கார வைத்திருக்கிறாள் என்று தெரு முழுக்கப் பரவிவிட்டது. சற்று நேரத்தில் ஒரு குடை தெருமுனையில் தெரிந்தது. கொடிக்காரி. நேராகக் கடைக்கு வந்தாள், என்னைப் பார்க்காமல் மருமகளைப் பார்த்துப் பேசினாள்.

"இந்தாம்மா. இது யாருக்கோ வேணுமாமே."

நானும் மருமகளைப் பார்த்துத்தான் சொன்னேன்: "யாரோ எதையோ கொண்டு வந்திருக்காங்க பாரு, வாங்கிக்க."

"கேட்டிருந்தா அப்பவே கொடுத்திருப்பேன்னு சொல்லும்மா."

"கேக்கிற பழக்கம் இல்லைன்னு சொல்லு."

மருமகள் இரண்டு பாதிகளையும் சேர்த்தாள். கோணல் கோட்டில் கோணல் கோடு உட்கார்ந்தது. சாவியைக் கழற்றி என் கையில் வைத்தாள். நான் எழுந்து நடந்தேன்.

மழை வலுத்துவிட்டது. இருக்கிறது ஒரே குடை, போகிற வீடு எதிரெதிர் வீடு. கொடிக்காரி குடையை என் பக்கம் சாய்த்தாள். நான் வேண்டாமென்று சொல்லவில்லை, சொன்னால் பேசின மாதிரி ஆகிவிடும். மாடி ஏறும்போது மூச்சு வாங்க நின்றாள்.

"அந்தப் போர்வையை நான் தள்ளலை."

"இப்ப யாரு கேட்டா?" என்றேன். ஒன்பது வருஷத்தில் நான் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

நாலு நாள் கழித்து அந்தச் செயலாளர் தன் பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். இருவரும் பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். "மாமியாருக்கே கொடுக்கலையே, வேற யாருக்குக் கொடுக்கப் போறா" என்று அவரே தன் கட்டடத்தில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அதன் பிறகு வந்த ஜோடிகளைப் பார்த்து மருந்துக்கடைக்காரர் இன்னொரு பழைய பெஞ்சையும் கொண்டு வந்து போட்டார். வார முடிவில் சூப்பர்வைசர் போன் செய்தபோது இவள் சொன்னது இரண்டே வார்த்தை: "வரலை சார்." போனை வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கி மெஷின் மேல் உட்கார வைத்து, மாலை கட்ட வெட்டாத சாவிகளை எடுத்துக் கொடுத்தாள்.

அன்றைக்கு அவள் சாவியைக் கொடுத்திருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். செருப்பில்லாமல் வந்த கிழவியை உட்கார வைத்தது தப்புதான். அதனால் கடை நின்றது என்றால் அது வேறு கணக்கு.

பாதியை வேறு வீட்டில் மாற்றி வைக்கட்டுமா என்று மூத்தவள் கேட்டாள். இருக்கிற இடத்தில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். போன மாதம் கொடிக்காரியும் என்னைக் கடைக்குக் கூட்டிப் போய், தன் வீட்டுப் பாதியை என் கையில் கொடுக்கச் சொன்னாள். சர்க்கரை டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். அதற்குள் இரண்டு தடவை அவள் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டு, பாதியைக் கேட்டு வந்து என் கதவைத் தட்டினாள். இரண்டாவது தடவை கொஞ்சம் நேரம் தட்டட்டும் என்று விட்டுவிட்டுத்தான் திறந்தேன்.